உம்மாவை ஒரு நல்ல படம் எடுக்க முதல்



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாள் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஊருக்கு வரப்போகிறவர்கள் பொறுமையாக வாசித்துவிட்டுப் போங்கள்.

போன தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தேன். வீட்டில் இருக்கிற மூத்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். அவரோடு இருந்து பேசி, அவருடைய சின்ன வயதுக் கதை ஒன்றைக் கேட்டு எழுத வேண்டும். விருப்பமானவர்கள் அவருடைய படம் ஒன்றையும் ஒட்டலாம் என்றேன். கட்டுரைகள் நன்றாகத்தான் வந்தன. ஒரு பிள்ளை, தன்னுடைய உம்மம்மா பன் பிடுங்கி, சாயம் போட்டு, பாய் இழைத்து மூன்று குமரைக் கரை சேர்த்த கதையை எழுதியிருந்தாள். வாசித்துவிட்டுப் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். தேசிய அடையாள அட்டையின் போட்டோகொப்பி. கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், முக்காடு இறுகி, உதடு இறுகி, யாரோ அதட்டியதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரிக் கண்கள். அந்தக் கதையில் இருந்த பெண்ணை இந்தப் படத்தில் காணவே இல்லை. படம் ஒட்டிய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் கொண்டுவந்திருந்தார்கள். அடையாள அட்டை, இல்லாவிட்டால் உம்ராவுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கு எடுத்த படம். மற்றவர்கள் கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில் ஓரத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருந்தார்கள். அதில் ஒன்றில் பக்கத்து ஆளின் தோள்மூட்டும் சேர்ந்து வந்திருந்தது.

ஆளுக்கொரு கமெரா போன் வைத்திருக்கிற ஊர் இது. சாப்பிட்ட புரியாணிக்குப் படம் இருக்கிறது. புது மோட்டார் சைக்கிளுக்கு நாலு பக்கத்தாலும் படம் இருக்கிறது. கலியாணத்துக்கு மூன்று கமெராவும் மேலே பறக்கிற ட்ரோனும் வருகின்றன, அதற்கு முதல் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கடற்கரையில் வேறாக ஒரு படப்பிடிப்பு. அந்தக் கலியாண அல்பத்தை விரித்துப் பெண்ணின் உம்மாவைத் தேடிப் பாருங்கள். நாலு நாளாய் நித்திரை இல்லாத முகத்தோடு, வந்தவர்களுக்குச் சாப்பாடு காணுமோ காணாதோ என்ற யோசனையோடு, மேடைக்குக் கூப்பிட்டதால் ஓடிவந்து ஒரு நிமிடம் நின்றிருப்பார். அந்த ஒரு நிமிடம்தான் அவருடைய படம்.

நம்முடைய உம்மாமார், வாப்பாமார் கமெராவுக்கு முன்னால் ஏன் இப்படிக் கல்லாகிப் போகிறார்கள் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். "அவங்களுக்குப் போஸ் குடுக்கத் தெரியாது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. அந்தத் தலைமுறைக்குப் படம் என்பது அரசாங்கக் காரியம். அடையாள அட்டைக்கு ஒன்று, கடவுச்சீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். யுத்த காலத்தில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய் வருவதென்றால் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி அந்த அட்டையை நீட்ட வேண்டியிருந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிற ஒருவருக்கு முன்னால் அசையாமல் நின்று பழகியவர்கள் அவர்கள். ஸ்டூடியோவிலும் அதே கதைதான். பில்ம் ரோலில் 36 படம்தான் விழும். ஒன்று வீணானால் காசு வீண். ஆகவே போட்டோக்காரர், "அசையாதீங்க, கண்ணச் சிமிட்டாதீங்க" என்றார், இவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இன்றைக்கும் போனைத் தூக்கியதும் வாப்பா இரண்டு கையையும் முழங்காலில் வைத்து நிமிர்கிறாரே, அந்த நாள் ஸ்டூடியோக்காரருடைய சொல்லுக்குத்தான் இன்னும் கீழ்ப்படிகிறார்.

பெண்களுக்கு இதற்கு மேலே இன்னொரு பயமும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

"நமக்கென்னத்துக்கு மனே படம்" என்று உம்மா சொன்னால் அது வெட்கம் என்று நினைக்கிறோம். பாதி வெட்கம்தான். மற்றப் பாதி, இந்தப் படம் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதது. மகனின் போனில் எடுத்த படம் பின்னேரம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வரும். அங்கிருந்து மருமகனின் ஸ்டேட்டஸுக்குப் போகும். மறுநாள் பேஸ்புக்கில் "என் சுவர்க்கம்" என்று தலைப்புப் போட்டு நாலாயிரம் பேர் பார்க்கக் கிடக்கும். ஐம்பது அறுபது வருடம் அந்நிய ஆண் முன்னால் முக்காடில்லாமல் நிற்காத ஒரு பெண்ணின் முகத்தை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், ஊரே பார்க்க வைக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அடுத்த தடவை போனைத் தூக்கும்போதே அவருடைய கை முக்காட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு விலை கூடிய கமெராவைக் கொண்டு வந்தாலும் அந்த முகம் திறக்காது.

ஆகவே நிம்மதியான ஒரு படத்துக்கு முதல் ஆயத்தம் வெளிச்சமும் இல்லை, உடுப்பும் இல்லை. ஒரு வாக்கு. "உம்மா, இது நமக்கு மட்டும். கழுவி எடுத்து ஒங்கட கையிலதான் தருவன். ஒங்களக் கேக்காம ஒருத்தருக்கும் அனுப்ப மாட்டன்." இதைச் சொல்லுங்கள், சொன்னபடி நடவுங்கள். படம் எடுக்க ஓம் என்பது ஒரு சம்மதம். அதை வெளியே போட ஓம் என்பது வேறொரு சம்மதம். முதலாவதைத் தந்தால் இரண்டாவதும் தந்ததாக ஆகாது. வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குப் போன் பற்றிச் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறோம். வீட்டில் உம்மாவுக்கும் அதே நியாயம்தான்.

எடுத்ததும் போனைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். "இது வேணாம்" என்றதை அவர் முன்னாலேயே அழியுங்கள். உங்களுக்கு அது எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் சரி. இரண்டு படம் அழிகிறதைக் கண்ணால் கண்ட பிறகு வருகிற மூன்றாவது படத்தைப் பாருங்கள், முகம் வேறு மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் சிலர் மார்க்கத்தைக் கேட்பீர்கள். உருவப்படம் பற்றி உலமாக்களிடையே வேறுபட்ட கருத்துகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தேவைக்கு மட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள், போனில் எடுப்பது வரைவதைப் போன்றதல்ல என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை இந்தப் பதிவின் கீழே நடத்த வேண்டாம் என்று அன்பாகக் கேட்கிறேன். உங்கள் உம்மாவோ வாப்பாவோ பேணுதலுக்காக வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், நச்சரிக்காதீர்கள். அவர்களுடைய குரலையாவது பதிந்து வையுங்கள். விருப்பம்தான், ஆனால் தொழுகிற வீட்டுச் சுவரில் படம் மாட்டக் கூடாது என்பவர்களுக்கு அல்பம் இருக்கிறது, அலுமாரி இருக்கிறது. சுவரில் மாட்டுவதற்கென்று நான் சொல்லவும் இல்லை.

சரி, ஓம் என்றுவிட்டார்கள். இனி என்ன?

பெருநாளன்று எடுக்காதீர்கள். பெருநாளன்று உம்மா குசினியில். கையில் வேலை, வாசலில் விருந்தாளி, மனம் அடுப்பில். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அஸர் தொழுது, ஒரு தேத்தண்ணி குடித்து முடிந்த நேரம்தான் நேரம். கண்ணுக்கும் அந்த வெளிச்சம் சுகம். நடுப்பகல் வெயில் நேராய்த் தலைக்கு மேலிருந்து விழும், கண் இரண்டும் குழிக்குள் போன மாதிரி நிழல் கட்டும். கிழக்கே பார்த்த விறாந்தை இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அஸருக்குப் பிறகு அங்கே வெயில் இருக்காது, ஆனால் வானத்து வெளிச்சம் தாராளமாக இருக்கும். விறாந்தை இல்லாவிட்டால் ஒரு யன்னல் போதும். யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தாதீர்கள், முகம் கறுத்துவிடும். யன்னல் பக்கவாட்டில் இருக்க, முகத்தைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினால் சரி. ரியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் சேர்ந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறம், மறு பாதி இன்னொரு நிறம்.

உடுப்புப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் கவலை. புதுசு எடுத்துக் கொடுத்து உடுத்தச் சொல்கிறார்கள். புதுச் சேலைக்குள் ஆள் இருக்காது, சேலைதான் இருக்கும். அவர் தினமும் விரும்பி உடுக்கிற, பத்துத் தடவை துவைத்து மெதுவாகிப்போன ஒன்றைக் கேளுங்கள். ஒரு விசயம் மட்டும் கவனிக்க வேண்டும். முகத்தைச் சுற்றி முழுவதும் தூய வெள்ளை முக்காடு இருந்தால் போன் அந்த வெள்ளையை வைத்துக் கணக்குப் போட்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முழுக்கக் கறுப்பு அபாயாவாக இருந்தால் நேர்மாறாக முகத்தை வெளிறச் செய்துவிடும். அந்த நேரம் திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போன் முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும். நிறத்தில் ஒரு முக்காடு என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

பல போன்களில் தோலை மினுக்கிக் காட்டுகிற ஒன்று தானாகவே போட்டிருக்கும். அதைத் தேடி நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். அறுபத்தைந்து வயது உம்மாவின் கண்ணோரக் கோடுகளை ஏன் அழிக்க வேண்டும்? அது அழிந்தால் யாருடைய படம் அது?

படம் எடுக்கிறவர் நின்றுகொண்டு, இருக்கிறவரை மேலிருந்து எடுப்பதும் நம்மிடம் இருக்கிற ஒரு பழக்கம். மூத்தவர்கள் எல்லாரும் குழந்தை மாதிரி அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்களும் ஒரு கதிரையைப் போட்டு அவருடைய கண் மட்டத்துக்கு இருங்கள். முகத்துக்குக் கிட்டப் போய் எடுத்தால் மூக்குப் பெருத்துத் தெரியும். ஆறேழு அடி தள்ளி இருந்து, போனில் இரண்டு மடங்குக்கு இழுத்து எடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்றச் சொல்லாதீர்கள், அந்தக் கண்ணாடியோடுதான் பேரப்பிள்ளைகள் அவரை அறிவார்கள். முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் யன்னல் அதில் பளிச்சிடாது. பிறகு, போனின் கண்ணைச் சாரன் தலைப்பாலாவது துடையுங்கள். பாதிப் படம் மங்குவது கைவிரல் எண்ணெய்யால்தான்.

இதெல்லாம் சின்ன விசயம், ஒரு தடவை சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்யும். கஷ்டமானது அடுத்தது, அவரை மறக்க வைப்பது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள். வாய் திறக்காத பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் இன்னும் மூடிக்கொள்ளும். கையில் அதற்குத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடு. இத்தனை வருடத்தில் எனக்கு வகுப்பில் மிகவும் உதவியது அதுதான். கமெராவுக்கு முன்னால் இருக்கிற பெரியவர்களும் அந்தப் பிள்ளையைப் போலத்தான். "சிரிங்க" என்றால் சிரிப்பு வராது, பல் வரும். கையில் எதையாவது கொடுங்கள். வெற்றிலை வட்டாவைக் கொடுங்கள், பாக்கு வெட்டட்டும். முருங்கையிலை உருவட்டும். மருதமுனையில் தறியில் இருந்த பெரியவர் ஒருவருக்குத் தறியின் முன்னால்தான் முகம் இருக்கும், வரவேற்பறைச் சோபாவில் இருக்காது. சாய்ந்தமருதுக் கடற்கரையில் வலை பொத்துகிற மூத்தவாப்பாவைப் பாருங்கள், கை வேலை செய்ய முகம் தானாக இளகிக் கிடக்கும். வேலை தெரிந்த கைக்கு ஒரு அமைதி உண்டு. அந்த அமைதி தோளுக்கு ஏறி முகத்துக்கும் வரும்.

பேச்சுக் கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும், படம் எடுப்பதற்கு ஒருவர் வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்வது கஷ்டம். பேச உட்காருகிறவர் அவருக்குப் பிடித்தமானவராக இருக்கட்டும். அநேகமாக அது மகனாகவோ மகளாகவோ இராது, அவருடைய ராத்தாவாகவோ பக்கத்து வளவு மாமியாகவோதான் இருக்கும். இரண்டு பேரும் பழைய ஆள் ஒருவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நீங்கள் இருப்பதே மறந்துபோகும். வீட்டில் உள்ள எல்லாரும் சுற்றி நின்று "உம்மா இஞ்ச பாருங்க, அஞ்ச பாருங்க" என்று சத்தம் போட்டால் எல்லாம் கெட்டது. பேரப்பிள்ளைகளை அரை மணித்தியாலம் வெளியே அனுப்புங்கள். முதல் பத்து நிமிடத்தில் எடுக்கிற படங்களைப் படமென்று எண்ணாதீர்கள், அது அவர் பழகுவதற்கு. அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம், முழங்கால் நோகும், முகத்தில் தெரியும்.

சிரித்தால்தான் நல்ல படம் என்றும் இல்லை. மௌத்தான ஒருவரை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாரே, அந்த முகத்தை எடுத்தீர்களா?

காசு கொடுத்து ஆள் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உம்மாவுக்கென்றால் பெண் ஒருவரைப் பிடியுங்கள். இப்போது நம்முடைய பகுதிகளிலும் பெண்பிள்ளைகள் இதைப் படித்துச் செய்கிறார்கள். முக்காட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு, காதில் கிடக்கிற பழைய தோட்டைக் காட்டிக்கொண்டு இருக்க ஒரு உம்மாவுக்கு அது போதும். எடுத்த படங்களைத் தன்னுடைய பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்று முதலிலேயே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். பிறகு அழிக்கச் சொல்லிப் பிரயோசனமில்லை.

எடுத்து முடிந்ததும் படத்தைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துதான் போய்ச் சேரும், டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். நல்லதாக மூன்றைத் தெரிந்து கடதாசியில் கழுவி எடுங்கள். ஒன்று உம்மாவிடம், ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் இருக்கிற பிள்ளையிடம். ஏன் வேறு ஊர் என்று நம்முடைய கரையோர மக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் எடுத்துக்கொண்டு போனதில் அல்பங்களும் இருந்தன. மௌத்தானவரின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் கையில் ஒரு படமும் இல்லாமல் போன வீடுகள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சில மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டவர்களும் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. புத்தளத்தில் இருக்கிற உறவுகளைக் கேட்டால் சொல்வார்கள்.

கழுவிய படத்தின் பின்பக்கம் பெயரை எழுதுங்கள். பேனையால் அழுத்தாமல் பென்சிலால். முழுப் பெயர், வருடம், ஊர், எந்த வீட்டு விறாந்தை என்பது. ஜூலியா மாக்ரட் கமரோன் என்று ஒரு ஆங்கிலேயப் பெண், உருவப்படக் கலையில் உலகம் முழுவதும் பேசப்படுகிறவர், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மௌத்தாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கப்பட்டிருக்கிறார். இங்கே இருந்த காலத்தில் நம்முடைய நாட்டுச் சாதாரண சனங்களைச் சில படங்கள் எடுத்தார். தோட்டத்தில் வேலை செய்தவர்கள், களுத்துறைப் பக்கத்துக் கிராமத்தவர்கள். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் அந்த முகங்கள் இருக்கின்றன, நூதனசாலைகளில் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்தவருடைய பெயர் எல்லாருக்கும் தெரியும். படத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களும் யாருக்கோ உம்மம்மாதான்.

இந்த விடுமுறையில் யாராவது எடுத்தால் எனக்குப் படத்தை அனுப்பாதீர்கள், உம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. என்ன கதைத்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். பெண்களைப் படம் எடுக்கிற நம்மூர்ப் பெண்பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கேட்கிற குடும்பங்களிடம் சேர்த்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.